கால் எட்டும் உயரம்

பென்ட்ரெவின், வேல்ஸ்
17 மே 1993

அன்பு ஹெஃபின்,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அடி எதுவும் இல்லை. இதைச் சொன்னால்தான் நீ மீதியை நிதானமாகப் படிப்பாய். ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அத்தனை தூரத்தில் உன் ராணுவ முகாமில் போனுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், நான் அழுதால் நீ என்ன செய்வாய்?

என் மோட்டார் சைக்கிள் நெஸ்டாவின் மேல் விழுந்துவிட்டது. மருந்துக்கடை பெத்தியின் மகள் நெஸ்டா. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனி. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் ஷிப்ட் முடிந்து வரும்போது சிப்ஸ் கடை முன்னால் நிறுத்தினேன். எப்போதும் நிறுத்துகிற அதே நடைபாதை ஓரம். சைடு ஸ்டாண்டைக் காலால் தள்ளினேன், அது கடைசிவரை போய் முட்டியதைக் குனிந்து பார்த்தேன், வண்டியை அதன்மேல் சாய்த்தேன், நீ சொல்லித் தந்தபடி கியரில் விட்டு இறங்கினேன். நெஸ்டா குட்டைச் சுவரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "அத்தை, என்னைய எப்ப ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள். "உங்கம்மா என்னையக் கொல்லாம விடுற நாளா பாத்துச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். பொட்டலத்துக்கு வினிகர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது குவாரி லாரி ஒன்று வேகமாகப் போனது. அப்புறம் அவள் கத்தினாள்.

ஊரெல்லாம் நான் ஸ்டாண்டைச் சரியாகப் போடவில்லை என்கிறார்கள். ஸ்டாண்டு இருப்பது இடப்பக்கம். சரியாகப் போடாமல் இருந்தால் வண்டி இடப்பக்கம்தானே விழ வேண்டும்? அது வலப்பக்கம், அந்தப் பிள்ளையின் மேல் விழுந்தது. சாய்த்து வைத்த வண்டி எதிர்ப்பக்கம் எப்படி விழும்? நீதான் ஹெலிகாப்டரையே பிரித்துக் கோர்க்கிறவன், நீயே சொல்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜூன் 18 வெள்ளிக்கிழமை அவர்களுடைய இன்ஜினியர் வந்து வண்டியைப் பார்ப்பாராம். அதுவரை எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாதாம். கடைசியில் ஒரு வரி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றம் ஏதாவது வண்டியில் இருப்பது தெரிந்தால் பாலிசி செல்லாமல் போகலாம் என்று. அப்படியென்றால் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டியதாகக் கேஸ். லைசென்ஸ் போய்விடும். விடிகாலை ஷிப்டுக்கு இங்கிருந்து பஸ் கிடையாது, வேலையும் போய்விடும்.

நான் எதையும் மறைக்கவில்லை, அது ஒன்றுதான் எனக்குத் தைரியம். பிப்ரவரியில் ஏஜெண்ட் போனில் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "வண்டில ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா, கூடுதலா எதுவும் மாட்டியிருக்கீங்களா?" ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு, கை சூடாக்கும் பிடி, சீட்டின் மேல் ஆட்டுத்தோல். ஆட்டுத்தோலுக்கு அந்த ஆள் சிரித்துவிட்டான். "அதெல்லாம் வேண்டாம்மா." "எழுதிக்கங்கய்யா. நாளைக்கு ஆடு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றேன். நீகூட அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாய்.

ஏன் விழுந்தது என்று மட்டும் சொல். நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்தால் தூங்கிவிடுவேன்.

எல்லி


பாக்லாந்து
25 மே 1993

அன்பு எல்லி,

உன் கடிதம் இன்று வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். ராணுவம் தரும் இந்த நீலக் கடிதத்தாளில் இடம் கொஞ்சம்தான், அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

நீ எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டாய். லாரிக் காற்று பலமாக இருந்திருக்கும். அந்த இடத்தில் நடைபாதை சரிவோ என்னவோ. இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வண்டியை எங்கே வைத்திருக்கிறாய்? கொட்டகையிலா, வெளியிலா? பூட்டி வை. யாரையும் பக்கத்தில் விடாதே. நீயும் ஓட்டாதே. என் கூட்டாளி டெகிட் ஒருநாள் வந்து பிரேக்கைப் பார்ப்பான், அவனுக்கும் இன்று எழுதியிருக்கிறேன். கொட்டகைச் சாவியையும் வீட்டுச் சாவியையும் அவனிடம் கொடுத்துவிடு. நீ வேலையில் இருக்கும்போது வந்தால்கூடப் பரவாயில்லை, கூட நின்று உனக்கு என்ன ஆகப்போகிறது?

எதையும் தொடக்கூடாது என்று கம்பெனி எழுதியிருப்பதை நானும் படித்தேன். பிரேக் பார்ப்பது மாற்றுவது ஆகாது.

இன்ஜினியர் வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். டீ கொடு. ஆடு, மாடு என்று கதை பேசாதே. அந்த மாதிரி ஆட்கள் வண்டியில் அடிபட்ட இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

உங்களுக்குக் கோடை வரும்போது இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காற்று ஓய்கிறதே இல்லை. வேறு எழுத எதுவும் தோன்றவில்லை. நெஸ்டாவின் கால் சரியாகிவிடும் இல்லையா? அதைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுது.

ஹெஃபின்


பென்ட்ரெவின்
5 ஜூன் 1993

அன்பு ஹெஃபின்,

நெஸ்டாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறேன், மாடிப்படி ஏற இத்தனை நாள் தைரியம் வரவில்லை. எலும்பு சேரும், ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்குத் தெரியாதாம்.

பெத்தி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன கேக்கைக் கையில் வாங்கவில்லை.

"பொம்பளைக்கு எதுக்குடி அம்மாம் பெரிய வண்டி? நிறுத்தத் தெரியாத சனியனுக்கு ஓட்ட மட்டும் தெரியுதாக்கும்" என்றாள்.

"ஸ்டாண்டப் போட்டுட்டுத்தான் போனேன் பெத்தி."

"ஆமா, இவளும் அதையேதான் சொல்றா. 'அத்தை ஸ்டாண்டப் போட்டாங்க, குனிஞ்சு பாத்தாங்க, நான் பாத்தேன்'னு. பொய் சொல்லாதடின்னு ஒரு அறை விட்டேன். காலு போயும் உனக்கு வக்காலத்து வாங்குறா பாரு."

நெஸ்டா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கேக்கை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஹெஃபின், இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. டெகிட்டிடம்கூட. என்னை எங்கேயாவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

நேற்று கொட்டகைக்குள் போனேன். ஓட்டுவதற்கு இல்லை. விபத்துக்கு அப்புறம் அதன் பக்கமே போகவில்லையே, சும்மா ஏறி உட்கார்ந்து பார்ப்போம், பயத்தை உடைப்போம் என்றுதான். ஏறினேன். என் கால் தரையில் எட்டவில்லை. பெருவிரல் நுனி மட்டும் தொடுகிறது. இறங்கினேன், ஷூவைப் பார்த்தேன், அதே ஷூ. மறுபடி ஏறினேன். எட்டவில்லை. வண்டி சரியப் பார்த்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரியில் சிக்னலில் எல்லார் முன்னாலும் வண்டியோடு விழுந்தேனே, அப்போதும் இப்படித்தான் கால் எட்டவில்லை. "வித்துத் தொலை, இது எனக்கானது இல்ல" என்று நான் அழுததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ "இன்னொரு தடவ ஏறிப் பாரு எல்லி" என்றதும், இரண்டு பாதமும் தரையில் பதிந்ததும் ஞாபகம் இருக்கிறதா? "பயம் போனா இடுப்பு இளகும், கால் தானா எறங்கும், உனக்கு வண்டி பழகிடுச்சு" என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் டெஸ்ட் பாஸ் செய்தேன். விடிகாலை இருட்டில் மலைப்பாதையில் தனியாகப் போனேன்.

இப்போது பயம் வந்துவிட்டது, காலும் மேலே போய்விட்டது. ஒரு மனுஷிக்குப் பயத்தில் உடம்பே சுருங்குமா? இல்லை எனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அன்றைக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமோ? ஸ்டாண்டைப் போட்டதாக நான் நினைக்கிறேன், ஆனால் போடவே இல்லையோ? அந்தப் பிள்ளை என்மேல் உள்ள பிரியத்தில் பார்த்தேன் என்கிறதோ? ராத்திரி எழுந்து வாசல் கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நேற்று வேலையில் சூப்புக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்று அழுதேன்.

டெகிட் திங்கட்கிழமை நான் வேலையில் இருக்கும்போது வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ரொட்டிக் கடையில் பார்த்து நன்றி சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் "இருக்கட்டும்மா" என்று போய்விட்டான். அவனுக்கும் என்மேல் வெறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

இன்ஜினியர் என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னால் என்ன செய்வேன்?

எல்லி


பாக்லாந்து
11 ஜூன் 1993

எல்லி,

உனக்குப் புத்தி பிசகவில்லை. இதை முதலில் படி, நின்று இன்னொரு முறை படி, அப்புறம் மேலே போ. உனக்கு ஒன்றும் இல்லை. நீ ஸ்டாண்டைப் போட்டாய். நெஸ்டா பார்த்தது உண்மை.

வண்டியைக் குட்டையாக்கியது நான்.

நீ சிக்னலில் விழுந்த அன்று ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். எனக்குத் தாங்கவில்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் இரண்டு இணைப்புத் தகடு இருக்கும். அதைவிட நீளமாக இரண்டு தகடு செய்து மாட்டினால் வண்டியின் பின்பக்கம் இறங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாயை, போர்க் என்போமே, அதைப் பிடிக்குள் மேலே தள்ளிவிட்டால் முன்பக்கமும் இறங்கும். நீ ஞாயிறு ஜெபத்துக்குச் சாப்பலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்தேன். உன்னிடம் சொன்னால் "குட்டைப் பொம்பளைக்குக் குட்டை வண்டியா?" என்று ஏறவே மாட்டாய் என்று தெரியும். அதனால் உனக்கு வண்டி பழகிவிட்டது என்றேன். உன் முகம் அன்று எப்படி இருந்தது தெரியுமா? அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்?

வண்டியை இறக்கினால் சைடு ஸ்டாண்டையும் ஒரு விரற்கடை அறுத்துக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு ஸ்டாண்டு நீளமாகிவிடும், வண்டி சாயாமல் நெட்டுக்குத்தலாக நிற்கும், எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு போதும். எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். மார்ச்சில் இங்கே வர உத்தரவு வந்தது. விமானத்தில் ஏறின பிறகுதான் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏஜெண்டிடம் நீ ஆட்டுத்தோல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

கொட்டகையில் நான் எடுத்து வைத்திருந்த பழைய தகடுகளை டெகிட்டை மாட்டச் சொன்னது நான்தான். போர்க்கும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் கால் எட்டவில்லை. கழற்றின தகடுகளை மாடிப்படிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறானாம். ஆற்றில் போட்டுவிடு.

இப்போது வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. இன்ஜினியருக்கு எதுவும் தெரியாது. இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும், நெஸ்டாவுக்கு வேண்டியது கிடைக்கும், உன் லைசென்ஸுக்கும் ஒன்றும் வராது. நீ பேசாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. அந்தத் தகடுகளை நான் கடையில் வாங்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் எங்கள் மேலதிகாரி வாரண்ட் ஆபீசர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் எல்லாரும் சொந்த வேலை பார்ப்போம். அதற்கு "வெளிநாட்டு வேலை" என்று பேர். ஒருத்தன் வீட்டுக் கேட்டுக்குக் கீல் அடிப்பான், ஒருத்தன் அடுப்பு செய்வான். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. நான் எடுத்தது ஹெலிகாப்டருக்கு வைத்திருந்த தகடு. அது வெளியே வந்தால் என்மேல் குற்றச்சாட்டு வரும். நான் சார்ஜெண்ட் ஆகி, சட்டைக் கையில் மூன்றாவது கோடு ஆகஸ்டில் வருவதாக இருக்கிறது. அதுவும் போய்விடும், ஒருவேளை வேலையே போய்விடும்.

பயமாக இருக்கிறது எல்லி. இதைப் படித்ததும் எரித்துவிடு.

ஹெஃபின்


பென்ட்ரெவின்
19 ஜூன் 1993

ஹெஃபின்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எனக்குக் கீழே ஒரு முழம் தள்ளி அந்த அட்டைப்பெட்டி இருந்தது.

நீ வண்டியைக் குட்டையாக்கிவிட்டு, நான் வளர்ந்துவிட்டேன் என்று சொன்னாய். நானும் நம்பினேன். ஊரில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் தெரியுமா? சமையல்கட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, "பயம் போனா கால் தானா எறங்கும்டி" என்று பாடம்கூட நடத்தினேன். டெகிட்டுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வண்டிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு வாரமாகப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன், நீ பிரேக் பார்க்க ஆள் அனுப்புகிறாய்.

சரி. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

இன்ஜினியர் பெயர் ஆக்ராய்ட். வயதானவர், வாசலில் ஷூவை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வந்தார். கொட்டகையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அளவு எடுத்தார், ஸ்டாண்டைப் போட்டு ஆட்டினார், வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. நான் டீக்கோப்பையோடு கதவோரம் நின்றேன். அப்புறம் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்து பேனாவை மூடினார்.

"எல்லாம் ஒரிஜினலாத்தான் இருக்கும்மா. நீங்க சொன்ன பெட்டி, பிடி எல்லாம் இருக்கு. ஆட்டுத்தோல் உட்பட. ஸ்டாண்ட முழுசாத் தள்ளாம எறங்கியிருக்கீங்க, அவ்வளவுதான். இப்படி எத்தனையோ பாத்திருக்கேன். கவனக்குறைவுன்னு எழுதிக்கிறேன், கம்பெனி பணத்தக் குடுத்துடும். நிம்மதியா இருங்க."

நீ சொன்னது போலவே நடந்தது. பேசாமல் இருந்தால் போதும். அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். நானும் எழுந்தேன். பயம்தான். அவர் போய்விடுவாரோ என்று பயம், போகாமல் இருந்துவிடுவாரோ என்றும் பயம்.

கவனக்குறைவு என்ற பேர் எனக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன் என்று நீ நினைப்பாய். பாதி அதற்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி நெஸ்டாவுக்காக. கால் முறிந்து கிடக்கிற பிள்ளை பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லி அறை வாங்கியிருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஆயுசுக்கும் அவள் பொய் சொன்னவள்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றேன். போய் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு மாட்டுனது?"

"என் வீட்டுக்காரர்."

"எப்பக் கழட்டுனீங்க?"

"கம்பெனி தொடக்கூடாதுன்னு எழுதின பிறகு. அவரு சொல்லி அவரு நண்பர் கழட்டினாரு." அதையும் சொல்லிவிட்டேன். டெகிட்டிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்வேன்.

"அம்மா, நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் பஸ் ஸ்டாப்புல நின்னுருப்பேன்." அவருக்குக் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "இப்ப கம்பெனி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். பாலிசி எடுக்கும்போது உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சு மறைச்சிருந்தா பாலிசி செல்லாது. தெரியாதுன்னா கம்பெனி உங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியாது."

"மெக்கானிக்கோட சம்சாரத்துக்குத் தன்னோட வண்டி எறங்கினது தெரியாதுன்னா எங்காபீஸ்ல சிரிப்பாங்கம்மா. பண்ணின ஆளு எழுதித் தரணும். யாரு செஞ்சா, எங்க செஞ்சா, எந்த இரும்பு, எல்லாம். அவரோட முகாம் வழியாத்தான் கேட்டு எழுதுவோம்."

உன் விலாசத்தைக் கொடுத்தேன். நீ எழுதிய கடிதம் அப்போது என் ஏப்ரன் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். காட்டவில்லை. அதில் ஹெலிகாப்டர் தகடும் இருக்கிறதே. அவர் போனதும் அடுப்பில் போட்டேன். நீ கேட்டாய், செய்துவிட்டேன்.

இனி என்னிடம் ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரியாது என்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். டெகிட்டைக் கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், தகட்ட மாட்டச் சொன்னான், மாட்டினேன்" என்பான். கம்பெனி கேட்கும்போது, "எனக்கு அந்தத் தகடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று நீ எழுதினால் உன் மூன்றாவது கோடு உனக்கு வந்துவிடும். நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன், நெஸ்டாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம்.

இதை எழுது என்று நான் கெஞ்சப்போவதில்லை. ஆனால் பயந்துகொண்டுதான் இருப்பேன், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

எலுனெட்


பாக்லாந்து
30 ஜூன் 1993

எல்லி,

நீ உன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். கல்யாணப் பதிவுப் புத்தகத்தில்தான் கடைசியாக அதைப் பார்த்தேன்.

கம்பெனியின் கடிதம் வந்துவிட்டது. வாரண்ட் ஆபீசர்தான் கொண்டுவந்து தந்தார். உறையின் மேலே கம்பெனி பெயர் போட்டிருந்தது. "என்னப்பா, ஊர்ல வண்டிய எவன் மேலயாவது ஏத்திட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனதும் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தேன்.

இப்போது மேஜைமேல் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்றில் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றில் ஒரே வரிதான், எனக்கு எதுவும் தெரியாது என்று. இரண்டையும் உறையில் போட்டு, இரண்டிலும் விலாசம் எழுதிவிட்டேன். நாளைக்கு மத்தியானம் தபால் விமானம்.

நான் நல்லவன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் எண்ணெயில் கிடந்து சம்பாதித்த கோடு அது. ஒரு விரற்கடை இரும்புக்காக அதை விடுவதா என்று மனசு கேட்கிறது. அந்த ஒரு விரற்கடை அறுக்காததால்தான் நெஸ்டா கிடக்கிறாள் என்று உடனே அதுவே பதிலும் சொல்கிறது. நேற்றிலிருந்து இதே பேச்சுத்தான் எனக்குள்.

நீ இரண்டு வாரம் புத்தி பிசகிவிட்டதென்று நினைத்தாய் என்று எழுதினாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இந்தக் கடிதமும் அதே விமானத்தில்தான் வரும்.

ஹெஃபின்


பென்ட்ரெவின்
17 ஜூலை 1993

ஹெஃபின்,

உன் கடிதம் வந்ததிலிருந்து போன் அடித்தாலே எனக்கு வியர்க்கும். செவ்வாய்க்கிழமை ஆக்ராய்ட் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரரு எழுதியிருக்காரும்மா. படிக்கவா?" என்றார். நான் நாற்காலியைத் தேடினேன்.

அவர் படித்தார். தகடு, போர்க், அறுக்காமல் விட்ட ஸ்டாண்டு, வொர்க்‌ஷாப், ஹெலிகாப்டர் இரும்பு, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு இடத்தை மட்டும் மெதுவாகப் படித்தார்: "என் மனைவிக்கு இது தெரியாது. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். நான் சொன்னதால் நம்பினாள்."

அப்புறம், "பாலிசி செல்லும்மா. அந்தப் பொண்ணுக்கு வேண்டியதக் கம்பெனி செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவ்வளவு பயத்தை எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பதிலின் நகலை முகாமிலும் கேட்டு வாங்கினார்கள், கோடு போய்விட்டது என்று டெகிட்டுக்கு எழுதியிருக்கிறாய். வேலை மட்டும் தப்பியதாம். எனக்கு எழுதவில்லை. எனக்கு எழுதியிருக்க வேண்டும். வருத்தமாக இருந்தது, உனக்காகத்தான். கோபம் இன்னும் போகவில்லை. அது போகும்போது போகட்டும், நீ அவசரப்படுத்தாதே.

பெத்தியின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "ஏய் நெஸ்டா, அத்த ஸ்டாண்டப் போட்டுட்டுத்தான் போனாங்களாம்" என்றாள். "அதத்தானம்மா நான் அன்னைக்கே சொன்னேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நானும் நினைக்கவில்லை. மாவுக்கட்டு அடுத்த மாதம் பிரிப்பார்கள், கால் குட்டையாகிவிட்டதா என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வண்டியை மறுபடி இறக்கித் தரட்டுமா, இந்தத் தடவை ஸ்டாண்டையும் அறுத்துக் கம்பெனிக்கும் சொல்லிவிடலாம் என்று டெகிட் கேட்டான். வேண்டாம் என்றேன். இடுப்பைச் சீட்டில் ஒரு பக்கமாகச் சரித்து ஒரே காலை ஊன்றினால் போதுமாம். குட்டையானவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிறுத்துவார்களாம். சாப்பல் பின்னால் உள்ள மைதானத்தில் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தான். எவ்வளவு லேசான வேலை! இதை நீ ஜனவரியில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை விழப் பார்த்தேன். நான்காவது தடவை நிறுத்திவிட்டேன். உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஆகஸ்டில் நீ ஊர் திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வண்டியில்தான் வருவேன். நீ பின்னால் உட்கார்ந்து வருகிறாய்.

கம்பெனி புதிதாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது, எல்லாவற்றையும் மறுபடி எழுதித் தர வேண்டுமாம். பெட்டி, காற்றுத் தடுப்பு, சூடாக்கும் பிடி, ஆட்டுத்தோல் என்று எழுதிக்கொண்டே வந்தேன். "வண்டியில் செய்த மாற்றங்கள்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிப்ரவரியில் யோசிக்காமல் சொன்ன பதில்தான். இன்று சொல்லப் பயமாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பழைய பாவாடையைத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு தகட்டையும் கையால் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் உள்ளே வந்து, கையில் எண்ணெயோடு, "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லி